வந்த பயிர்கள், தங்கிய பயிர்கள்: நல்லூர் முதல் கடலூர்க் கரை வரை

விருத்தாசலத்துக்கு மேற்கே நல்லூர் ஒன்றியத்தில் தொடங்கி விருத்தாசலம், நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூர்க் கடற்கரை வரை போகும் வழியில், இரு பக்கமும் நிற்கும் பயிர்களின் பூர்வீகத்தை விசாரித்தால் உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம்தான் தேறுவார்கள். நல்லூர்ப் பக்கம் மானாவாரியில் நிற்கும் மக்காச்சோளம் மெக்சிகோவில் தோன்றியது. விருத்தாசலத்தைச் சுற்றி விதைக்கும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, தென் அமெரிக்கப் பயிர். செம்மண் மேட்டில் காடாகப் பரந்திருக்கும் முந்திரி பிரேசிலின் வடகிழக்குக் கரையோரத்து மரம். கடலோர மணலின் சவுக்கு ஆஸ்திரேலிய, தென்கிழக்கு ஆசியக் கரைகளைச் சேர்ந்தது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் கொய்யா, பப்பாளி, சீத்தா, சப்போட்டா எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. நெல், உளுந்து, பலா, பனை என்று சிலவே இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

வெளிநாட்டுப் பயிர் என்றாலே சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. புதிதாக எது வந்தாலும் லாபம் என்று ஓடுகிறவர்களும் உண்டு. இரு தரப்பாரும் பார்க்க வேண்டிய அனுபவம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. வந்தவற்றில் எது தங்கியது, ஏன் தங்கியது, எது தொல்லையாக மாறியது, இனி வருபவற்றை எப்படி எடைபோடுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தட்பவெப்பம் சொல்வது என்ன?

விருத்தாசலமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சுமார் 11.5 பாகை வட அட்சரேகையில், வெப்பமண்டலத்துக்குள் நன்றாகவே உள்ளே இருக்கின்றன. மார்கழிக் குளிர் என்று நாம் சொல்வது, குளிர் கண்டால்தான் பூக்கும் மரங்களுக்குக் குளிரே அல்ல. லிச்சி இலைக்குக் குறையில்லாமல் வளரும். பூ எடுக்க அதற்குச் சில வாரங்கள் நல்ல குளிர் வேண்டும். அதனால்தான் அது பீகாரின் முசாபர்பூரில் காய்த்துக் குலுங்குகிறது. நம் சமவெளியில் நட்டவருக்கு நிழலோடு நின்றுவிடுகிறது.

கரையோரத்துக்கும் உள்நாட்டுக்கும் வேறுபாடும் உண்டு. கடலூரில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று ஏறி வெயிலைத் தணிக்கும். நல்லூர் வரை அந்தக் காற்று வந்து சேர்வதற்குள் வலுவிழந்துவிடும். சித்திரையில் 40 பாகை செல்சியஸ் இங்கே அதிசயமில்லை. ஆனால் இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒன்று மழையின் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். தை பிறந்ததும் வானம் வெளுத்து, வைகாசி வரை ஏறக்குறைய காய்ச்சல்தான்.

வெளியிலிருந்து வந்த செடிகளைச் சலித்துப் பிரித்தது இந்த நீண்ட வறட்சி. முந்திரியின் தாயகமான பிரேசிலின் வடகிழக்குக் கரையிலும் சில மாதம் மழையும் பல மாதம் வறட்சியும்தான். மழை ஓய்ந்த பின் துளிர்த்து, வறண்ட வானத்தின் கீழ் பூத்துக் காய்ப்பது அந்த மரத்தின் இயல்பு. இங்கும் அது தையில் பூத்துப் பங்குனி, சித்திரையில் கொட்டை தருகிறது. மாதக் கணக்கு வேறு, வரிசை ஒன்று.

கப்பலில் வந்தவர்கள், தோட்டத்தில் சோதித்தவர்கள்

இந்தச் செடிகளின் வருகை ஒரே அலையாக நடந்ததல்ல. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தவற்றில் முந்திரி ஒன்று. மண்ணரிப்பைத் தடுக்கும் மரமாகவே அது நெடுங்காலம் மதிக்கப்பட்டது. கொட்டை உலக வணிகப் பொருளானது மிகவும் பிந்தி, 20ஆம் நூற்றாண்டில்.

19ஆம் நூற்றாண்டில் வந்தது அரசுகளின் அலை. பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் புதுச்சேரியில் தாவரவியல் தோட்டம் அமைத்தார்கள். பின்னர் அங்கு வந்த தாவரவியலாளர் பெரொத்தே, எந்த அயல் பயிர் இந்த மண்ணுக்கு ஒத்துவரும் என்று நட்டுப் பார்த்தார். ஆங்கிலேய அரசு நீலகிரிச் சரிவில் பர்லியாறில் 1871இலும் கல்லாறில் 1900இலும் பழத்தோட்டங்கள் நிறுவியது. மங்குஸ்தான் போன்ற ஈரப்பதம் விரும்பும் மரங்கள் அங்கே நிலைத்தன. கடலூரை உள்ளடக்கிய அன்றைய தென் ஆற்காட்டு மாவட்டத்தில் பண்ருட்டிக்கு அருகே பாலூரில் 1905இல் ஆய்வுப் பண்ணை தொடங்கியது.

இந்தத் தோட்டங்களின் பெரும் பயன், எது வரும் என்று காட்டியதைவிட எது வராது என்று காட்டியதில் இருந்தது. பல செடிகள் அங்கேயே தோற்று, உழவர் கைக்கு வராமலே போயின. தோல்வியின் செலவை அரசு ஏற்றது, உழவர் ஏற்கவில்லை. இன்றைய நிலையை மதிப்பிட இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும்.

மல்லாட்டையும் மக்காச்சோளமும்

ஊரே தன்னுடையதாக்கிக்கொண்ட பயிர்களில் முதலிடம் மல்லாட்டைக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென் ஆற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துச் சோப்பு, எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. வெளிநாட்டுச் சந்தை இழுத்ததால் மானாவாரிச் செம்மண்ணில் அதன் பரப்பு விரிந்தது.

இந்தச் செடி பூ முடிந்ததும் விழுதை மண்ணுக்குள் இறக்கி அங்கே காயைக் கட்டுகிறது. எனவே இறுகாத மண் வேண்டும்; காய் திரளச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். விதைத்த 40 முதல் 45ஆம் நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களும், விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகங்களும் இந்த வட்டாரத்து மழைக்கும் மண்ணுக்கும் என்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 தமிழகத்துக்கு அப்பாலும் பல மாநிலங்களில் தலைமுறைகளாக விதைக்கப்பட்டது. வந்த பயிரை ஆய்வு நிலையம் வழிக்குக் கொண்டுவந்ததற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

மக்காச்சோளத்தின் கதை வேறு. நல்லூர், மங்களூர் ஒன்றியங்களின் மானாவாரி நிலங்களில் பருத்தியோடு போட்டி போட்டு அது பரவியதற்குக் காரணம் கோழித் தீவனச் சந்தை. நாமக்கல் பண்ணைகள் இருக்கும்வரை வாங்க ஆள் உண்டு. ஆனால் 2018இல் அமெரிக்கப் படைப்புழு கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அந்தப் பருவத்துக்குள்ளேயே தமிழகத்தின் மக்காச்சோளக் காடுகளுக்குள் புகுந்தது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும் அந்தப் புழுவும் மக்காச்சோளத்தைப் போலவே அமெரிக்கக் கண்டத்துப் பிறவி. அயல் பயிர் தன் பூச்சிகளைத் தாயகத்தில் விட்டுவிட்டு வருவதால்தான் முதலில் சில காலம் செழிக்கிறது. அந்தப் பூச்சி என்றாவது ஒருநாள் முகவரி தேடி வந்துவிடும். வரும்போது, அதை அங்கே அடக்கி வைத்திருந்த எதிரிகள் கூட வருவதில்லை.

மரவள்ளியில் இந்தப் பாடம் மறுபடி நடந்தது. தென் அமெரிக்காவின் மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டுத் தமிழகத்துக்கு இறங்கியது. முன்பு ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய அனாகைரஸ் லோபசி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022இல் வயல்களில் விட்டார்கள். பயிரை இறக்குமதி செய்தவர்கள் அதன் பூச்சிக்குரிய மருந்தையும் தேடி இறக்குமதி செய்யவேண்டி வருகிறது.

செம்மண் மேட்டில் முந்திரி

நெய்வேலியைத் தாண்டியதும் வருவது கடலூர் மணற்கல் என்று புவியியலார் அழைக்கும் அமைப்பின் மேல் படிந்த செந்நிலம். இதன் அடியில்தான் பழுப்பு நிலக்கரி. விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் எழ உதவிய வெண்களிமண்ணும் நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் வெட்டப்படுவதே. ஆனால் மேல்மண் சரளை கலந்தது, சத்துக் குறைந்தது, தண்ணீரைப் பிடித்து வைக்காதது. நெல்லுக்கு உதவாத இந்த மேட்டில் பனையும் முட்புதரும் நின்ற இடங்களை முந்திரி எடுத்துக்கொண்டது. உணவுப் பயிரின் இடத்தை அது பறிக்கவில்லை. யாரும் கேட்காத இடத்தில் அமர்ந்தது. அதன் வெற்றிக்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் தேர்வு. கொட்டையிலிருந்து முளைத்த முந்திரி மரங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரு மரம் காய்த்துத் தள்ளும், பக்கத்து மரம் இலையோடு நிற்கும். அகில இந்திய முந்திரி ஆய்வுத் திட்டம் 1971இல் தொடங்கியபோது விருத்தாசலமும் அதன் மையங்களில் ஒன்றாயிற்று. ஊர் ஊராகச் சிறந்த தாய் மரங்களைத் தேடிச் சேர்த்து, அவற்றிலிருந்து வி.ஆர்.ஐ. 1, 2, 3 ஆகிய ரகங்கள் 1981, 1985, 1991 ஆகிய ஆண்டுகளில் வந்தன. இவற்றில் வி.ஆர்.ஐ. 3, இடையஞ்சாவடியில் நின்ற ஒரு மரத்தின் வழிவந்தது. வேறு மாநிலங்களிலும் நடப்படுகிறது. இன்று கொட்டை ஊன்றி முந்திரி வைப்பவர் குறைவு. இளந்தண்டு ஒட்டுக்கன்று வாங்கி, ஏழு மீட்டர் இடைவெளியிலோ, அடர்நடவாக நான்கைந்து மீட்டரிலோ நடுகிறார்கள்.

மூன்றாவது காரணம் பண்ருட்டி. கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, முழுப்பருப்பு, அரைப்பருப்பு, நொறுக்கு என்று தரம் பிரிக்கும் வேலை சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்களுக்கு ஆண்டு முழுவதும் கூலி தருகிறது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலையோ எண்ணெயையோ தொட்டுக்கொண்டு உடைக்கும் கைகளில் அந்தக் கறை மாறுவதில்லை. பருப்பின் வெள்ளை நிறத்தைப் புகழும் விளம்பரங்களில் இந்தக் கைகள் இடம்பெறுவதில்லை. உள்ளூர் விளைச்சல் போதாமல் ஐவரி கோஸ்ட், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கொட்டை தருவிக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு இந்த மரத்தைக் கொண்டுபோனவர்களும் ஐரோப்பிய மாலுமிகளே என்பதால், 16ஆம் நூற்றாண்டில் பிரிந்த மரங்களின் கொட்டைகள் பண்ருட்டிக் கிடங்கில் சந்திக்கின்றன.

இத்தனை உறுதியான குடியேற்றத்தையும் ஒரே இரவு ஆட்டிவிட்டது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகக் காற்றோடு புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்து முந்திரியும் பலாவும் பெரும்பரப்பில் வேரோடு சாய்ந்தன. ஒரே மரத்தை மைல்கணக்கில் நட்ட பகுதியில் ஒரே காற்று எல்லோருடைய வருமானத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. புது ஒட்டுக்கன்று நல்ல காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கூலிக்கு வெளியூர் போன குடும்பங்கள் பல. சாய்ந்ததில் நம் நாட்டுப் பலாவும் இருந்ததால், அயல் மரம் என்பதால் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஒற்றைப் பயிரை நம்பியதன் விலை அது.

மணலில் சவுக்கு

வங்கக் கரையின் பெருமணலில் சவுக்கை முதலில் வைத்தது விறகுக்காக. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கும் சென்னை நகரத்து அடுப்புகளுக்கும் விறகு தேவைப்பட்டது. உப்புக் காற்றைத் தாங்குவதும், வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிரின் உதவியால் காற்றின் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதும் அதற்கு வெறும் மணலிலும் வாழ வழி செய்தன. இன்று நிலக்கரியும் எரிவாயுவும் வந்து விறகு பின்னுக்குப் போனாலும் சவுக்கு போகவில்லை. சாரக்கட்டுக்குக் கம்பு, பந்தலுக்குக் கால், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற காகித ஆலைகளுக்குக் கூழ்மரம், எஞ்சிய மிளாறு அடுப்புக்கு என்று எல்லாம் விலையாகிறது. நட்ட நான்கைந்து ஆண்டுகளில் மொத்தத் தோப்பையும் வெட்டி விற்றுவிட்டு, மறுபடி நாற்று வைப்பார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு சவுக்குக்குக் கடற்கரைக் காவலன் என்ற பெயரும் வந்தது. ஃபின் டேனியல்சன் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2005இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, கடலூர் மாவட்டக் கரையில் அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் மறைத்த ஊர்களில் சேதம் குறைவு என்று காட்டியது. கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் மேடும்தான் உண்மைக் காரணம் என்று வேறு சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இந்த விவாதத்துக்கு இடையே கரையோரமெங்கும் சவுக்கு மேலும் நடப்பட்டது. அலை தொடும் இடம் வரை நட்டதால் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் பின்னிப் பிடித்திருந்த மணல்மேடுகள் நிழலிலும் சருகிலும் மூடின. ஆமைகள் முட்டையிட ஏறும் திறந்த மணல் குறுகியது. தோப்பு ஊரருகே நிற்பது ஒன்று, அலை விளிம்பில் நிற்பது வேறொன்று. மரம் ஒன்றே, இடம்தான் அதை நன்மையாகவோ தீமையாகவோ ஆக்குகிறது.

இதே சவுக்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆக்கிரமிப்பு மரங்களின் பட்டியலில் இருக்கிறது. அங்கே அது தானாகப் பரவிக் கடற்கரையை மூடுகிறது. இங்கே அதற்குத் தானாகப் பரவ அவகாசம் கிடைப்பதில்லை, அரிவாள் முந்திக்கொள்கிறது. ஒரு செடி களையா பயிரா என்பதை அதன் பிறப்பு மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

கைவிடப்பட்டவை

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் வைத்தார். கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து ஸ்பெயினின் ஏகபோகத்தை உடைப்பது நோக்கம். சாயத் தொழில் நிலைக்கவில்லை. கள்ளி வகைகள் நிலைத்தன. தென்னிந்திய மேய்ச்சல் நிலங்களையும் வேலியோரங்களையும் மூடிய கள்ளியை 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த வேறொரு சாயப்பூச்சி சில ஆண்டுகளில் அழித்தது.

சீமைக் கருவேலம், இந்தப் பக்கம் சொல்வதுபோல் வேலிக்காத்தான், 1877இல் இந்தியாவுக்கு வந்தது. வறண்ட நிலத்துக்கு விறகும் வேலியும் தரும் மரம் என்று அரசே பரப்பியது. ஆடுமாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையை எல்லா இடத்திலும் போட்டது. வெட்டினால் அடியிலிருந்து பல கிளையாகத் துளிர்த்தது. ஏரிக்கரை, ஆற்றுப்படுகை, புறம்போக்கு என்று யாருக்கும் சொந்தமில்லாத இடங்களில் அது குடியேறியது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டு, பின் அந்தப் பணி நிறுத்தப்பட்டு, 2022இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. இராமநாதபுரத்தில் அதைக் கரியாக்கிப் பிழைப்பவர்களும் இருப்பதால், முழுதாக ஒழிப்பதில் ஊரே இரண்டுபட்டு நிற்கிறது.

சவுக்கையும் வேலிக்காத்தானையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இரண்டும் விறகுக்காக வந்தவை, இரண்டும் வறட்சியையும் உப்பையும் தாங்குபவை. ஒன்றுக்குப் பட்டா உண்டு, வெட்டும் நாள் உண்டு, வாங்கும் ஆலை உண்டு. மற்றொன்றுக்கு இவை எதுவும் இல்லை.

நடுவழியும் ஒன்று உண்டு. 1968இல் தொடங்கிய ஆரோவில், பொட்டலான செம்மண் பீடபூமியில் முதலில் ஆஸ்திரேலியக் கருவேல வகையை நிழலுக்கும் மண் கட்டவும் பயன்படுத்தியது. அதன் மறைவில் இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களை வளர்த்தது. அயல் மரத்தைக் கூலியாளாக அமர்த்திய அந்த முறை வேலை செய்தது. ஆனால் வேலை முடிந்ததும் அதை விலக்கும் ஆள் தொடர்ந்து வேண்டியிருந்தது.

இப்போது வருபவை

இன்றைய அலையை நாற்றுப் பண்ணைகளும் யூடியூப் காணொளிகளும் நடத்துகின்றன. டிராகன் பழம், வெண்ணெய்ப்பழம், ரம்புத்தான் முன்வரிசையில் நிற்கின்றன. டிராகன் பழம் மத்திய அமெரிக்கக் கள்ளி. குறைந்த நீரில் வாழும், கல்தூணில் ஏறும், இரவில் பூத்து ஒரு மாதத்தில் கனியும். நல்லூர் வெயிலில் அதன் தண்டு கருகும், அடைமழையில் தேங்கிய நீரில் வேர் அழுகும். கோடை நிழலும் மேட்டுப்பாத்தியும் சேர்த்துத்தான் செலவைப் போட வேண்டும். வெண்ணெய்ப்பழத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா, மேற்கிந்தியத் தீவு என மூன்று இனங்கள். சமவெளி வெப்பத்துக்கு ஏற்றது மேற்கிந்திய இனம். கடைகளில் பெயர் பெற்ற ஹாஸ் ரகம் மெக்சிகோ, குவாத்தமாலா இனங்களின் கலப்பு. பழத்தின் பெயரை மட்டும் கேட்டு நட்டவர் ஐந்து ஆண்டு கழித்தே தவற்றை அறிவார். ரம்புத்தானுக்கு வருடம் முழுதும் ஈரம் வேண்டும். ஐந்து மாத வறட்சியில் அதை வளர்ப்பது கிணற்றை நம்பிய பந்தயம்.

ஆக, ஒரு புதுச் செடிக்கு முன் வைக்க வேண்டியவை நான்கு கேள்விகள். தையிலிருந்து வைகாசி வரையிலான வறட்சியில் அது என்ன செய்யும்? கையை மீறினால் தானாகப் பரவுமா? ஐந்தாம் ஆண்டில் விளைச்சலை வாங்க உள்ளூரில் யார் இருப்பார்கள்? புயலோ புதுப்பூச்சியோ வந்தால் அருகில் நிற்கும் வேறெந்தப் பயிர் அந்த ஆண்டைத் தாங்கும்? முந்திரி முதல் மூன்றில் தேறி நான்காவதில் சறுக்கியது. மக்காச்சோளமும் அப்படியே. வேலிக்காத்தான் முதல் கேள்வியோடு நின்றுவிட்டது.

'வளருமா' என்பதற்கு நாற்று விற்பவரிடம் எப்போதும் பதில் இருக்கும். மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல, பல பருவம் நட்டுப் பார்த்த ஒரு பொது நிறுவனம் வேண்டும். பாலூரும் திண்டிவனமும் விருத்தாசலமும் மல்லாட்டைக்கும் முந்திரிக்கும் செய்த அந்த வேலையைப் புதுப் பழங்களுக்குச் செய்வது இன்று பெரும்பாலும் உழவரின் சொந்த ஏக்கரும் வங்கிக் கடனும்தான். கடலூர் மாவட்டத்தின் அனுபவம் இதற்குச் சொல்லும் யோசனை எளிது: அரசு நிலையங்கள் மேட்டு நிலத்திலும் கரையோரத்திலும் புது இனங்களைப் பொதுச் செலவில் பத்தாண்டு நட்டு, தோற்றவற்றின் பட்டியலையும் வெளியிட வேண்டும். அதுவரை உழவர் தம் நிலத்தில் ஒரு மூலையைப் புதுச் செடிக்குத் தருவது நியாயம். முழு நிலத்தையும் தருவது சூதாட்டம்.